தெருவுக்கு அடியில் ஒரு மேடை

பினோதினியின் பெயர் கடைசியில் ஒரு தியேட்டரின் நெற்றியில் ஏறிவிட்டது. அவர் நடித்த தியேட்டர் இருந்த இடத்தில் இன்று பஸ் ஓடுகிறது. வட கொல்கத்தாவின் நாடகப் பேட்டை எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மாற்றி வைத்திருக்கிறது?

வட கொல்கத்தாவின் ஹாத்திபாகானில், டிராம் தண்டவாளம் போகும் பிதான் சரணியை ஒட்டி நிற்கும் ஸ்டார் தியேட்டருக்கு 2024 டிசம்பர் 30-ஆம் தேதி புதுப் பெயர் கிடைத்தது. இனி அது பினோதினி தியேட்டர் என்று அறிவித்தார் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி. 1883-இல் ஒரு நடிகைக்குக் கொடுத்து, கொடுத்த சூட்டோடு மீறப்பட்ட வாக்கு 141 வருடங்கள் கழித்து நிறைவேறியது. வங்காள நாடகத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்களுக்கு அன்று மகிழ்ச்சிதான்.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் கட்டடத்தில் பினோதினி தாசி ஒருநாள்கூட நடித்தது கிடையாது. அது திறந்தது 1888-இல். அதற்கு ஒரு வருடத்துக்கு மேலாகவே, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், அவர் மேடையை விட்டு விலகியிருந்தார். அவர் நடித்த ஸ்டார் வேறு. அங்கிருந்து கால் மணி நேர நடையில், பீடன் தெருவில் 68-ஆம் எண்ணில் இருந்தது. அதைத் தேடிப் போகிறவர் சித்தரஞ்சன் அவென்யூவில், ஓயாத போக்குவரத்துக்கு நடுவில் போய் நிற்பார். 1930-களின் தொடக்கத்தில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அந்த அகலச் சாலையை வடக்கே நீட்டியபோது தியேட்டர் இடிபட்டது.

ஹாத்திபாகானில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் இந்த இரண்டு கட்டடமும் ஒன்றாகத்தான் வரும். ராமகிருஷ்ண பரமஹம்சர் நாடகம் பார்த்த இடம், பினோதினி அழுத இடம், உத்தம் குமார் நடித்த இடம் எல்லாம் அவர்களுக்கு ஒரே ஸ்டார். பேட்டையின் ஞாபகம் அப்படித்தான் இயங்குகிறது. இடிந்துபோன வீட்டுச் சாமான்களை எடுத்து வந்து, நிற்கிற வீட்டில் அடுக்கிவைத்துவிடுகிறது.

பீடன் தெருக் கதை வங்காளத்தில் பாமரருக்கும் தெரிந்த கதை. பினோதினி பிறந்தது கார்ன்வாலிஸ் தெருவில். இன்றைய பிதான் சரணிதான் அது. 'நல்ல குடும்பம்' என்று ஊர் ஒப்புக்கொள்ளாத பெண்களின் வீடு. 1874-இல், பதினோரு வயதுச் சிறுமியாக மேடை ஏறினார். நடிகர், நாடகாசிரியர், குரு எல்லாமாக இருந்த கிரீஷ் சந்திர கோஷின் கையில் சில வருடங்களில் கல்கத்தாவின் முதல் நடிகையாக வளர்ந்தார். அந்த நேரத்தில்தான் கூர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர் வருகிறார். பினோதினி தனக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாடகத்தை விட்டுவிட்டால் 50,000 ரூபாய் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார் என்பார்கள். பினோதினி கேட்டது பணம் இல்லை, தியேட்டர். கட்டித் தந்தால் உங்களோடு இருக்கிறேன் என்றார். சக நடிகர்களும் இதற்குத் தூண்டுகோல். சொந்தக் கொட்டகை இல்லாமல் தவித்தவர்கள் அவர்கள்.

கட்டட வேலை நடந்தபோது பினோதினியே கூடையில் மண் சுமந்தார். கூலியாட்கள் சோர்ந்தபோது கூடைக்கு இத்தனை சோழி என்று கொடுத்து வேலையை முடுக்கினார். இவையெல்லாம் அவரே 'ஆமார் கதா' என்ற தன் சுயசரிதையில் எழுதியவை. கொட்டகைக்கு அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து 'பி தியேட்டர்' என்று பெயரிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்து சொன்ன பெயர் 'ஸ்டார்'. இப்படிப்பட்ட பெண்ணின் பெயரில் தியேட்டர் இருந்தால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்பது விளக்கம். மேடையில் அந்தப் பெண்ணைப் பார்க்கக் காசு கொடுத்து வந்ததும் அதே ஜனங்கள்தான் என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

1883 ஜூலை 21-இல் 'தக்ஷ யக்ஞம்' நாடகத்தோடு ஸ்டார் திறந்தது. கூர்முக் ராய்க்குக் குடும்பத்திலும் சாதியிலும் நெருக்கடி. 11,000 ரூபாய்க்கு நாடகக்காரர்கள் நால்வரிடம் கொட்டகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். பங்குதாரர்களில் பினோதினி இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 21-இல் ராமகிருஷ்ணர் 'சைதன்ய லீலா' பார்க்க வந்தார். சைதன்யராக ஆண் வேடத்தில் நடித்த பினோதினியை ஆசீர்வதித்தார். அதுவரை தியேட்டர் பக்கம் தலைவைக்கக் கூசிய வீடுகள் அன்றிலிருந்து கொஞ்சம் இளகின. இளகியது தியேட்டரின் மேல். நடிகைகளின் மேல் இல்லை. பின்னாளில் பினோதினியின் மகளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடங்கள் மறுத்தன.

1887-இல் கோபால் லால் சீல் என்ற பெரும் செல்வர், கொட்டகை நின்ற நிலத்தை வாங்கி, காலி செய்யச் சொன்னார். நாடகக்காரர்கள் 30,000 ரூபாய்க்குக் கட்டடத்தை விட்டுக்கொடுத்தார்கள். 'ஸ்டார்' என்ற பெயரை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். பெயரை எடுத்துக்கொண்டு ஹாத்திபாகானுக்கு வந்தார்கள். புதிய கொட்டகைக்குப் பணம் போதவில்லை. சீல் தன் தியேட்டருக்கு கிரீஷை இழுக்க 20,000 ரூபாய் முன்பணம் தந்தார். கிரீஷ் அதை வாங்கி, அதில் 16,000 ரூபாயை ஹாத்திபாகானில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த பழைய சகாக்களுக்கே கொடுத்துவிட்டார். முதலாளியின் பணத்தில் போட்டிக் கொட்டகை. புது ஸ்டாரின் தொடக்க நாடகத்தையும் அவரே, தன் பெயரைப் போடாமல், எழுதித் தந்தார்.

பெயர் போன பிறகும் பீடன் தெருக் கட்டடம் சும்மா இருக்கவில்லை. எமரால்டு ஆயிற்று, பிறகு அமரேந்திரநாத் தத்தாவின் கிளாசிக் ஆயிற்று. கிளாசிக்கில் நடந்த நாடகங்களைத்தான் ஹீராலால் சென் தன் கேமராவில் பிடித்தார். 1903 வாக்கில் எடுத்த 'அலிபாபா' அதில் பெரியது. இந்திய சினிமாவின் முதல் அத்தியாயங்களில் ஒன்று. அந்தச் சுருள்கள் 1917-இல் தீயில் போயின. பிறகு கோஹினூர், அதற்குப் பிறகு மன்மோகன். 1924-இல் சிசிர் குமார் பாதுரி 'சீதா' நாடகத்தால் வங்காள மேடையின் போக்கையே மாற்றியதும் அதே கட்டடத்தில். ஐம்பது வருடங்களுக்குள் இத்தனை நடந்த ஒரு கொட்டகையை நேர்க்கோட்டுச் சாலை ஒன்று விழுங்கிவிட்டது.

அதே சாலைத் திட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சாலை இன்னும் வடக்கே பாக்பஜாருக்குப் போகும்போது கிரீஷ் கோஷின் வீடு குறுக்கே வந்தது. அதை இடிக்கவில்லை. சாலை இரண்டாகப் பிரிந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. நடுத்தெருவில் தீவு மாதிரி இன்றும் நிற்கிறது அந்த வீடு. சாலைக்குப் பெயர் கிரீஷ் அவென்யூ. ஒரு பூங்காவும், ஒரு மெட்ரோ நிலையமும்கூட அவர் பெயரில். பீடன் தெருவின் ஒரு பகுதி அவர் மகன், நடிகர் தானி கோஷின் பெயரில். அந்தக் காலத்து மேடையைத் தாங்கிய தின்கரி, தாராசுந்தரி போன்ற பெண்களின் பெயர்களைச் சொன்னால், அந்தத் தெருக்களில் நடப்பவர்களில் பாதிப்பேர் யார் என்று கேட்பார்கள்.

பீடன் தெரு மங்க, மங்க, ஹாத்திபாகான் பொலிந்தது. வங்காளியில் 'பாடா' என்றால் நம் பேட்டை. 'தியேட்டர் பாடா' என்று சொன்னால் ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பிலிருந்து தெற்கே இறங்கும் இந்தச் சில தெருக்கள்தான். லேக் மார்க்கெட் பக்கம் வாழ்ந்த கல்கத்தாத் தமிழர்களுக்கு இது நகரத்தின் மறுகோடி. தென்கோடியிலிருந்து டிராமிலும் பஸ்ஸிலும் நகரத்தையே குறுக்கே கடந்து வர வேண்டும்.

ஸ்டாருக்கு அருகிலேயே 1931-இல் ரங்மஹால் வந்தது. நியூயார்க்கில் மேடைத் தொழில் படித்துத் திரும்பிய சது சென் 1933-இல் அங்கே சுழலும் மேடையை அமைத்தார். ஒரு காட்சி முடிந்து திரை விழுந்து, சாமான் மாற்றி, திரை ஏறும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், வீடு நகர்ந்து தோட்டம் வருவதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். ராஜ்கிருஷ்ணா தெருவில் 1942-இல் சிசிர் பாதுரி தொடங்கிய கொட்டகையின் பெயர் ஸ்ரீரங்கம். தமிழ் வாசகர் துள்ளி எழ வேண்டாம். காவிரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெயரின் பொருள் மட்டும் அதே அரங்கம்தான். அந்த வருட டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஹாத்திபாகான் சந்தையில் குண்டு போட்டன. கடனோடும் வழக்கோடும் 1956 வரை ஸ்ரீரங்கத்தை நடத்தி, கடைசியில் வெளியேற்றப்பட்டார் பாதுரி. 1959-இல் பத்மபூஷண் வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு தேசிய நாடக அரங்கு. அதே ஆண்டு இறந்தார். ஸ்ரீரங்கம் விஸ்வரூபா ஆயிற்று.

வாரத்தில் மூன்று நாள், வியாழன், சனி, ஞாயிறு, பேட்டை விழித்திருக்கும். அந்தத் தலைமுறையினரின் பேச்சில் கிழமைகள் தப்புவதே இல்லை. பத்திரிகையில் கட்டம் கட்டிய விளம்பரம் வரும். வீட்டில் பெரியவர் ஒருவர் டிக்கெட் எடுத்து வருவார். ஞாயிறு காலையில் ஹாத்திபாகான் தெருவில் பறவைச் சந்தை. கிளி, புறா, மைனா, வண்ண மீன். (பின்னாளில் அந்தச் சந்தை காலிஃப் தெருவுக்குப் போய்விட்டது.) சந்தை கலைந்த தெருவில் மதியக் காட்சிக்கு ஜனம் சேரும். புறநகர் ரயில்களில் சியால்டாவிலும் ஹௌராவிலும் இறங்கி வருகிற குடும்பங்கள் ஒரே பயணத்தில் புடவை எடுத்து, நாடகம் பார்த்து, தின்பண்டம் தின்று ஊர் திரும்பும். ஹாத்திபாகான் இன்றைக்கும் ஜவுளிக்குப் பேர்போன இடம் என்றால் அதில் தியேட்டருக்கும் ஒரு பங்கு உண்டு. இடைவேளையில் தேலேபாஜா. நம் பஜ்ஜி, போண்டாவின் வங்காள உறவு. 1918-இலிருந்து நடக்கும் லட்சுமி நாராயண் ஷா கடையில் நேதாஜி பிறந்தநாளன்று இலவசமாகத் தருவது வழக்கம்.

ஞாபகங்களில் முதலிடம் பெரும்பாலும் ரயிலுக்குத்தான். 1959-இல் விஸ்வரூபாவில் தொடங்கிய 'சேது' நாடகத்தில் திருப்தி மித்ரா நடித்தார். நாயகி தண்டவாளத்தில் நிற்க, இருட்டில் ஒரு வெளிச்சப்புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும். சத்தம் காதைப் பிளக்கும். ரயில் மேடையைத் தாண்டித் தங்கள் மேலேயே ஏறப்போகிறது என்று முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். மேடையில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தாபஸ் சென்னின் விளக்குகள் மட்டும். ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது 'சேது'. கதையை மறந்தவர்கள்கூட ரயிலை மறக்கவில்லை. அதே ஆண்டின் கடைசி நாளில் பீடன் தெரு மினர்வாவில் உத்பல் தத் 'அங்கார்' போட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறித் தொழிலாளிகள் மூழ்குவதை தாபஸ் சென் ஒளியாலேயே காட்டினார். இசை ரவிசங்கர். 1965-இல் மினர்வாவில் கடற்படைக் கலகத்தைப் பற்றிய 'கல்லோல்'. பத்திரிகைகள் விளம்பரம் வாங்க மறுக்க, ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி நாடகம் நடந்தது. தத் சிறைக்குப் போனார், நாடகம் நிற்கவில்லை.

ஸ்டாரில் நினைவுகூரப்படுவது 'ஷியாமலி'. 1953-இல் உத்தம் குமாரும் சாவித்திரி சட்டர்ஜியும். 484 காட்சிகள். சினிமாவில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நடிகர் வாரம் தவறாமல் ஹாத்திபாகானுக்கு வந்து மேடை ஏறினார். அவரைப் பார்க்கத் தெருவில் நின்றவர்கள் கொட்டகைக்குள் இருந்தவர்களைவிட அதிகம் என்பார்கள். நம்பலாம்.

இந்தப் பேட்டையில் சினிமாவுக்கும் குறைவில்லை. தாகூர் பெயரிட்ட ரூபவாணி, சுபாஷ் சந்திர போஸ் திறந்துவைத்த சித்ரா (பிறகு மித்ரா), உத்தரா, ஸ்ரீ, ராதா, மினார். மேடைக்கும் திரைக்கும் நடுவே டிராம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்னவில்லை என்பது ஆச்சரியம். தின்றது வேறு.

1970-களில் தொழில்முறை நாடகம் சறுக்கத் தொடங்கியது. நகரம் கலவரப்பட்டிருந்தது, மாலையில் வெளியே போகத் தயங்கிய காலம், மின்வெட்டு வேறு. காலி நாற்காலிகளை நிரப்பச் சில முதலாளிகள் காபரே ஆட்டத்தை நுழைத்தார்கள். விஸ்வரூபாவின் 'சௌரங்கி'யில் மிஸ் ஷெஃபாலி ஆடினார். கூட்டம் வந்தது, குடும்பம் போனது. பேட்டை இன்று இதை அரை மனதோடுதான் சொல்கிறது. அகதிக் குடும்பத்திலிருந்து வந்து, ஹோட்டல் ஆட்டத்தால் வீட்டைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணையே பேட்டையின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நூறு வருடங்களுக்குப் பிறகும் பழி எங்கே விழ வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. உண்மையில் நல்ல நாடகம் தெற்கே நகர்ந்துவிட்டிருந்தது. அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ரவீந்திர சதன் பக்கம், அமெச்சூர் குழுக்களிடம். 1980-களில் வீட்டுக்குள் டெலிவிஷன் வந்தது. கொட்டகையைவிடக் கொட்டகை நின்ற மனைக்கு விலை ஏறியது.

1991 அக்டோபரில் ஸ்டார் எரிந்தது. சௌமித்ரா சட்டர்ஜியின் 'கடக் பிதாய்' நல்ல கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். முகப்புச் சுவர் மிஞ்சியது. மேடை, திரைச்சீலை, உடுப்பு, ஒப்பனை அறை எல்லாம் சாம்பல். இந்தத் தெருக்களில் நாடகம் என்பது நடிகர்கள் மட்டும் இல்லை. வசனம் எடுத்துக்கொடுப்பவர், திரை இழுப்பவர், மேடையைச் சுழற்றும் ஆட்கள், விளக்குப் பையன்கள், டிக்கெட் கிழிப்பவர் என்று வியாழன், சனி, ஞாயிறை நம்பிப் பக்கத்துச் சந்துகளில் குடித்தனம் நடத்தியவர்கள் ஏராளம். அவர்களுக்கு மாற்று மேடை கிடைக்கவில்லை. 2001-இல் ரங்மஹால் எரிந்தது. அதே வருடம் விஸ்வரூபாவும். ஒரு பேட்டையில் பத்து வருடத்துக்குள் மூன்று பெரிய கொட்டகைகளை நெருப்பு தின்றால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைகளில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. விஸ்வரூபா இருந்த மனையில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. ரங்மஹால் இடம் வணிக வளாகம் ஆயிற்று. சினிமாக்கள் ஒவ்வொன்றாக மூடின, 2019-இல் மித்ராவும்.

ஸ்டாரை மாநகராட்சி எடுத்து, பழைய முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புதிதாகக் கட்டி, 2004-இல் திறந்தது. பெரும்பாலும் சினிமா, எப்போதாவது நாடகம். மினர்வா அரசின் கையில் பிழைத்து, இன்னும் நாடகம் நடத்துகிறது.

ஆக, 2024-இல் பெயர் வைத்தது தப்பான கட்டடத்துக்கா? கணக்குப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் பீடன் தெருவில் பெயர் வைக்க எதுவும் மிச்சமில்லை. பினோதினிக்கு மறுக்கப்பட்ட பெயர்ப்பலகையை, அவர் பெயருக்குப் பதிலாக வைத்த 'ஸ்டார்' என்ற சொல்லை, அந்தச் சகாக்கள் கையோடு எடுத்து வந்தது ஹாத்திபாகானுக்குத்தான். அந்தச் சொல்லை இறக்கிவிட்டு அவர் பெயரை ஏற்ற வேண்டிய இடம் இதுவே என்று வாதாடலாம். அவர் பிறந்ததும் இதே தெருவில்தான். உள்ளூரில் இன்னும் பலர் ஸ்டார் என்றே சொல்கிறார்கள். பழக்கம், அவமதிப்பு இல்லை. ஆட்டோக்காரருக்கு எந்தப் பெயர் சொன்னாலும் புரியும்.

பீடன் தெருவின் 68-ஆம் எண்ணுக்கு வழி கேட்டால்தான் புரியாது. அங்கே மேலே பஸ் போகிறது. அந்தச் சாலைக்கு அடியில், கிரீஷ் பார்க் நிலையத்துக்கும் ஷோபாபஜாருக்கும் இடையில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெட்ரோ ரயில் கடந்துபோகிறது.